61.8 கோடிக்கு ஒரு ஓவியம்... மற்றவை மட்டும் எப்படி நமக்குச் சொந்தமாச்சு? அம்ரிதா ஷெர்-கில் கதை

2023 செப்டம்பர் 16. டெல்லியில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. ஏலத்தில் ஓர் இந்திய ஓவியத்துக்கு அதுவரை கிடைத்த விலைகளிலேயே அதுதான் உச்சம். 2025-ல் எம்.எஃப். உசேனின் ஓவியம் ஒன்று அந்தச் சாதனையை முறியடித்தது என்பது வேறு விஷயம்.

அந்த 61.8 கோடி ஓவியத்தின் பெயர் 'கதை சொல்பவர்'. 1937-ல் வரையப்பட்டது. வரைந்தவர் அம்ரிதா ஷெர்-கில். அப்போது அவருக்கு வயது 24. ஓவியங்களை வாங்க ஆள் கிடைக்காமல் ஊர் ஊராகக் கண்காட்சி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த நாலு வருஷத்தில் அவர் இறந்தும் போனார்.

ஏலச் செய்தி வந்த அன்றைக்கு சோஷியல் மீடியா முழுக்க விலையைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இதில் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அம்ரிதாவின் ஓவியங்கள் ஏலத்துக்கு வருவதே அபூர்வம். ஏன்னா, அவர் வரைந்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்பனைக்கு அப்பாற்பட்ட ஓர் இடத்தில் இருக்கிறது. டெல்லியில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடம்தான் அந்த இடம். சொந்தக்காரர் யார்னு கேட்டால், நீங்களும் நானும்தான்.

வாங்க ஆளில்லாத ஓவியங்கள் நாட்டுச் சொத்தானது எப்படி? அதைப் புரிந்துகொள்ள அம்ரிதாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புடாபெஸ்ட்டில் பிறந்த பஞ்சாபிப் பெண்

1913 ஜனவரி 30 அன்று, ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் பிறந்தார் அம்ரிதா. அப்பா உம்ராவ் சிங் ஷெர்-கில், பஞ்சாபின் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்த அறிஞர், கூடவே கேமரா பைத்தியம். இன்றைக்கு நாம் செல்ஃபி எடுப்பதுபோல அந்தக் காலத்திலேயே தன்னையும் தன் குடும்பத்தையும் விதவிதமாகப் படம் எடுத்துத் தள்ளியவர். அம்மா மரி அந்துவானெத், ஹங்கேரியைச் சேர்ந்த ஓபரா பாடகி. 1914-ல் தங்கை இந்திரா பிறந்தார்.

முதல் உலகப் போர் வெடித்ததால் குடும்பம் ஹங்கேரியிலேயே மாட்டிக்கொண்டது. 1921-ல்தான் இந்தியா வர முடிந்தது. சிம்லாவில் குடியேறினார்கள். எட்டு வயதுச் சிறுமிக்கு இந்தியா அப்போதுதான் அறிமுகம்.

அம்ரிதா சின்ன வயதிலிருந்தே வரைவார். அதேபோல, மனதில் பட்டதை யார் முன்னாலும் சொல்லிவிடுவார். கான்வென்ட்டில் படிக்கும்போது தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அறிவித்து, பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இந்தக் குணம் அவருக்குப் பல கதவுகளைத் திறந்தது. சில கதவுகளை மூடவும் செய்தது. அதுக்கு அப்புறம் வருவோம்.

அவருக்குள் இருந்த திறமையை அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர் தாய்மாமா எர்வின் பக்தாய். இந்தியவியல் அறிஞரான இவர், கற்பனையில் வரைவதை விட்டுவிட்டு, எதிரில் இருக்கும் நிஜ மனிதர்களைப் பார்த்து வரையச் சொன்னார். வீட்டு வேலைக்காரர்களும் அக்கம்பக்கத்து மக்களும் அம்ரிதாவின் மாடல்கள் ஆனார்கள். பிற்காலத்தில் அவரைப் பெரிய ஓவியர் ஆக்கப்போகும் பழக்கம் இங்கேதான் ஆரம்பித்தது.

பாரிஸ் கொடுத்த பதக்கம்

1929-ல் மகளின் படிப்புக்காக மொத்தக் குடும்பமும் பாரிஸுக்குக் கிளம்பியது. அப்போது அம்ரிதாவுக்கு 16 வயது. பாரிஸின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான எகோல் தே பூஸார்-ல், லூசியன் சிமோன் என்ற ஓவியரிடம் பயின்றார்.

1932-ல் 'இளம் பெண்கள்' என்ற ஓவியத்தை வரைந்தார். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தங்கை இந்திரா, இன்னொருவர் பாரிஸ் தோழி. ஒருத்தி நேர்த்தியாக உடுத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, இன்னொருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஆடை கலைந்த நிலையில் இருக்கிறாள். அம்ரிதாவுக்குள் இருந்த ஐரோப்பா, இந்தியா என்ற இரண்டு பாதிகளை இந்த ஓவியத்தில் பார்ப்பவர்கள் உண்டு.

1933-ல் பாரிஸின் பெரிய கண்காட்சியான கிராண்ட் சலோனில் அந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 20.

அங்கேயே இருந்திருந்தால் பாரிஸில் ஒரு வசதியான ஓவியராக வாழ்க்கை ஓடியிருக்கும். ஆனால் அவருக்கு இந்தியா திரும்ப வேண்டும் என்று தோன்றியது. ஓவியராகத் தன்னுடைய இடம் இங்கேதான் என்று அவர் நம்பினார். 1934 கடைசியில் குடும்பத்தோடு திரும்பி வந்தார்.

வந்த வேகத்தில் ஒரு மோதல்

அன்றைய இந்திய ஓவிய உலகத்தில் இரண்டு பெரிய போக்குகள் இருந்தன. ஒன்று, ஆங்கிலேயர்களின் கலைப் பள்ளிகள் சொல்லிக்கொடுத்த ஐரோப்பியப் பாணி. இன்னொன்று, வங்காளத்தில் உருவான, பழைய இந்திய மரபைத் தேடிப் போன பாணி. புராணக் காட்சிகள், மென்மையான கோடுகள், மங்கலான வண்ணங்கள் என்று போகும் அது.

அம்ரிதாவுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. ஏற்கெனவே புகழோடு இருந்த ஓவியர்களை 22 வயதுப் பெண் ஒருவர் விமர்சித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

1935-ல் சிம்லாவின் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சிக்கு ஓவியங்களை அனுப்பினார். சிலவற்றை நிராகரித்துவிட்டு, ஏற்றுக்கொண்டதில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசை அம்ரிதா திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷத்தில்தான் 'மூன்று பெண்கள்' வந்தது. பளிச்சென்ற ஆடைகளில் மூன்று இளம் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கவும் இல்லை. தங்கள் வாழ்க்கையை வேறு யாரோ முடிவு செய்யப்போகிறார்கள் என்பது தெரிந்து காத்திருப்பதுபோல இருக்கிறது. 1937-ல் பம்பாய்க் கலைச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்ரிதா வசதியான வீட்டுப் பெண். அவர் வரைந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மேட்டில் நின்றுகொண்டு வறுமையை அழகாக்கினாரா என்ற கேள்வியை விமர்சகர்கள் எழுப்பியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்குத் தெய்வங்களும் ராணிகளும் இருந்த இடத்தில், மலைக் கிராமத்துக்காரர்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் கொண்டுவந்து உட்காரவைத்தது சின்ன விஷயம் இல்லை.

நவாப் திருப்பி அனுப்பிய ஓவியங்கள்

1936 இறுதியில் ஓவியங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். கண்காட்சி வைக்க வேண்டும், நாலு ஓவியமாவது விற்க வேண்டும், நாட்டையும் பார்க்க வேண்டும். பம்பாயில் கலை விமர்சகர் கார்ல் கண்டாலாவாலாவைச் சந்தித்தார். கடைசிவரை அம்ரிதாவின் பக்கம் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்து அஜந்தா. அந்தக் குகை ஓவியங்கள் அம்ரிதாவைப் புரட்டிப் போட்டன. பாரிஸில் தேடியது இங்கே, நூற்றாண்டுகளுக்கு முன்பே சுவரில் இருந்தது.

பிறகு ஹைதராபாத். அம்ரிதாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் இங்கேதான் நடந்தது. அன்றைய ஹைதராபாத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் நவாப் சாலார் ஜங். உலகம் முழுவதிலிருந்தும் கலைப் பொருட்களை வாங்கிக் குவித்தவர். அம்ரிதாவின் ஓவியங்களை வாங்கும் எண்ணத்தில் அவரும் இருந்தார். தன் சேகரிப்பைக் காட்டி அம்ரிதாவிடம் கருத்துக் கேட்டாராம். வழக்கமான ஐரோப்பிய அலங்கார ஓவியங்களுக்கு இவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்கிறீர்களே என்கிற மாதிரி அம்ரிதா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஓவியங்கள் திரும்பி வந்தன. விற்பனை போச்சு.

கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் விற்றிருக்கும், இல்லையா? விற்றிருந்தால் அந்தப் பணம் அவருக்கு உதவியிருக்கும். இந்த நவாப் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

கன்னியாகுமரி வரை

பயணம் திருவிதாங்கூர், கொச்சி வரை நீண்டது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த கன்னியாகுமரிக்கும் அம்ரிதா வந்தார். கறுத்த மேனி, வெள்ளை ஆடை, பின்னால் கடலும் மண்ணும். நமக்கு இது தினம் பார்க்கிற காட்சி. வடக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த ஓர் ஓவியரின் கண்ணுக்கு இது புது வண்ணத் தட்டாகத் தெரிந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களை நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார்.

சிம்லா திரும்பிய பிறகு, 1937-ல் மூன்று பெரிய ஓவியங்கள் பிறந்தன. 'மணமகளின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்'. தென்னிந்தியத் தொடர் என்றே இவற்றைச் சொல்கிறார்கள்.

'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் ஐந்து பையன்கள் வெள்ளை வேட்டியில், மேல்சட்டை இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் ஒவ்வொரு உடம்பின் நிறமும் வேறு, ஒவ்வொரு வேட்டியின் வெள்ளையும் வேறு. அஜந்தாவும் பாரிஸும் ஒரே கித்தானில் சந்தித்ததாக விமர்சகர்கள் கொண்டாடும் ஓவியம் இது. அம்ரிதா என்றால் பஞ்சாப், ஹங்கேரி என்றுதான் பலரும் சொல்வார்கள். அவருடைய உச்சங்களில் சில தெற்கைப் பார்த்த பிறகு வந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த வருஷ நவம்பரில் லாகூரில் வைத்த கண்காட்சிக்கு நல்ல வரவேற்பு. இதற்கு முன்பே, டெல்லியில் நடந்த கண்காட்சியின்போது ஜவாஹர்லால் நேருவின் அறிமுகமும் கிடைத்திருந்தது. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரு எழுதியவற்றில் பல, அம்ரிதா ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய பெற்றோரால் எரிக்கப்பட்டன. கடிதங்கள் போய்விட்டாலும், அந்த நட்பு முக்கியமானது. ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

28 வயதில் முடிந்தது

1938-ல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரும் மருத்துவருமான விக்டர் ஈகானைத் திருமணம் செய்துகொண்டார். வீட்டில் பலத்த எதிர்ப்பு. இரண்டாம் உலகப் போர் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1939-ல் தம்பதி இந்தியா வந்து சேர்ந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பக்கம் சராயா என்ற ஊரில், அப்பா வழிச் சொந்தக்காரர்களின் பண்ணையும் சர்க்கரை ஆலையும் இருந்தன. அங்கே தங்கினார்கள்.

வருமானம் குறைவு, பேச ஆள் இல்லை, ஓவியத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. மனச்சோர்வு வாட்டியது. ஆனாலும் வரைந்தார். மஞ்சள் அரைக்கும் பெண்கள், ஊஞ்சல், கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெண், மணப்பெண் என்று வரிசையாக வந்த ஓவியங்களில் பல இங்கே பிறந்தவை. பழைய இந்தியச் சிற்றோவியங்களின் அடர் வண்ணங்கள் அவர் கித்தானுக்குள் வந்தது இந்தக் காலத்தில்தான்.

1941 செப்டம்பரில் இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அன்றைக்குக் கலையும் இலக்கியமும் கொடிகட்டிப் பறந்த நகரம் அது. டிசம்பரில் பெரிய கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து தெரியும் காட்சியை ஓவியமாகத் தொடங்கியிருந்தார்.

கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்த நிலையில் திடீரென்று உடல்நிலை மோசமானது. 1941 டிசம்பர் 5 நள்ளிரவில் அம்ரிதா இறந்துபோனார். வயது 28. மரணத்துக்கான காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அம்மா கணவரைக் குற்றம் சாட்டினார், எதுவும் நிரூபிக்கப்படவில்லை. போரில் பிரிட்டனும் ஹங்கேரியும் எதிரெதிர் அணிக்குப் போனதால், மனைவியை இழந்த கையோடு விக்டர் எதிரி நாட்டவர் என்று கைது செய்யப்பட்டார். மகளை இழந்த துக்கத்திலிருந்து மீளாத அம்மா, 1948-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஈசலில் பாதியில் நின்ற அந்த ஓவியம் மட்டும் மிச்சம்.

ஓவியங்களுக்கு என்ன ஆச்சு?

இப்போது அசல் கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் இல்லாமல் 28 வயதில் இறந்துபோன ஓர் ஓவியர். குடும்பத்துக்குள் சண்டை. அவர் இறந்த நகரம் ஆறே வருஷத்தில் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது. பொதுவாக இப்படிப்பட்ட சூழ்நிலையில் ஓவியங்கள் நாலா பக்கமும் சிதறும். பரண்மேல் போகும். கைமாறிக் கைமாறி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

இங்கே அப்படி நடக்கவில்லை. அம்ரிதா விற்க முடியாமல் விட்டுப்போன ஓவியங்களில் பெரும்பகுதி, கணவர் விக்டரிடமும் அப்பா உம்ராவ் சிங்கிடமும் இருந்தது. இந்த இரண்டு வழிகளிலும் அவை இந்திய அரசின் கைக்கு வந்து சேர்ந்தன. அம்மாவும் மருமகனும் எதிரும் புதிருமாக இருந்த குடும்பம்தான். ஆனாலும் ஓவியங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன.

வாங்க ஆளில்லாமல் போனதில் ஒரு விசித்திரமான நன்மையும் இருக்கிறது. ஒவ்வொன்றும் அன்றைக்கே ஒவ்வொரு ஜமீன்தார் வீட்டு ஹாலுக்குப் போயிருந்தால், இன்றைக்கு இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. இதை வைத்து ஓவியரின் வறுமையை நியாயப்படுத்தக் கூடாது. அவர் பட்ட கஷ்டம் கஷ்டம்தான்.

மகாராஜா மாளிகை மக்கள் மாளிகையானது

சுதந்திரம் வந்த புதிதில், 1949-ல், நாட்டுக்கென்று ஒரு கலைக்கூடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பிரதமர் நேருவும் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாதும் அதைக் கையில் எடுத்தார்கள். அம்ரிதாவின் கண்காட்சியை நேரில் பார்த்த, அவரோடு பழகிய ஒருவர் பிரதமராக இருந்தது சும்மா இல்லை.

இடம்? டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936-ல் கட்டப்பட்ட ஜெய்ப்பூர் ஹவுஸ். பட்டாம்பூச்சி வடிவ மாளிகை. 1954 மார்ச் 29 அன்று, திருத்தணியில் பிறந்தவரும் அன்றைய குடியரசுத் துணைத் தலைவருமான டாக்டர் ராதாகிருஷ்ணன், நேருவின் முன்னிலையில் தேசிய நவீனக் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். ஆரம்பச் சேகரிப்பின் முதுகெலும்பாக அம்ரிதாவின் ஓவியங்கள் இருந்தன. தாகூர் குடும்பத்து ஓவியர்கள், ஜாமினி ராய், நந்தலால் போஸ் போன்றவர்களின் படைப்புகளும் இருந்தன.

1936 என்ற வருஷத்தைக் கவனித்தீர்களா? டெல்லியில் ஒரு மகாராஜாவுக்கு மாளிகை எழுந்த அதே வருஷக் கடைசியில்தான், அம்ரிதா ஓவியங்களைச் சுமந்துகொண்டு சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனார். அன்றைக்கு ஓவியத்தை வாங்குவது ராஜாக்களும் நவாபுகளும்தான். அவர்களுக்குப் பிடித்தால் வாழ்க்கை, இல்லைன்னா இல்லை. 18 வருஷம் கழித்து மகாராஜாவின் மாளிகை பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே சுவரில் அம்ரிதா.

அந்த நவாப் கதையின் பின்பகுதி இதுதான். சாலார் ஜங் 1949-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய பிரம்மாண்டமான சேகரிப்பு 1951-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதையும் திறந்துவைத்தவர் நேரு. 1961-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக நாடாளுமன்றம் அதை அறிவித்தது. ஆக, திட்டிய ஓவியரின் படைப்பும் பொதுச்சொத்து, திட்டு வாங்கிய நவாபின் சேகரிப்பும் பொதுச்சொத்து. இன்றைக்கு டிக்கெட் வாங்கிய யாரும் இரண்டையும் பார்த்துவிட்டு, யார் சொன்னது சரி என்று தானே முடிவு செய்துகொள்ளலாம்.

தேசியப் பொக்கிஷம் என்றால் எல்லோருக்கும் சொந்தமா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின் கீழ், அம்ரிதாவின் படைப்புகள் 1976-ல் தேசியக் கலைப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டன. இப்படி அறிவிக்கப்பட்டவர்கள் மொத்தம் ஒன்பது பேர்தான். ரவீந்திரநாத், அபனீந்திரநாத், ககனேந்திரநாத் என்ற மூன்று தாகூர்கள், நந்தலால் போஸ், ஜாமினி ராய், ராஜா ரவிவர்மா, நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி, அம்ரிதா ஷெர்-கில். இதில் ஒரே பெண் அம்ரிதா.

சரி, இந்தச் சட்டம் என்ன செய்யும்? இந்தியாவில் இருக்கும் இவர்களின் படைப்புகளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். அதனால்தான் 'கதை சொல்பவர்' ஏலத்துக்கு வர முடிந்தது.

அதாவது, பொக்கிஷம் என்ற முத்திரை ஓர் ஓவியத்தை நாட்டுக்குள் வைத்திருக்கும். உங்கள் கண்ணுக்குக் காட்டும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. வாங்கியவர் கண்காட்சிக்குக் கொடுத்தால் பார்க்கலாம். கொடுக்காமல் லாக்கரில் வைத்தாலும் அது சட்டப்படி சரிதான். பெயரளவில் தேசியம், நடைமுறையில் தனியார்.

பொது அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தின் கதை வேறு. அதற்கு விலைச்சீட்டு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்க்கலாம். ஆராய்ச்சி மாணவர் பார்க்கலாம். டெல்லிக்கு இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் அரை நாள் மிச்சம் இருக்கும் ஒருவர் பார்க்கலாம். ஆவணப்படுத்தப்பட்ட அம்ரிதாவின் படைப்புகள் 200-ஐக்கூடத் தாண்டாது. அதில் பாதிக்கும் மேல் இந்த ஒரே கலைக்கூடத்தில் இருக்கிறது. 'இளம் பெண்கள்', 'மூன்று பெண்கள்', 'பிரம்மச்சாரிகள்', 'மணமகளின் அலங்காரம்', லாகூரில் பாதியில் நின்றுபோன அந்தக் கடைசி ஓவியம் எல்லாம் இங்கேதான். 61.8 கோடி ஓவியத்தின் பெயரை ஒட்டிய 'பண்டைய கதைசொல்லி' என்ற 1940-ம் வருஷத்து ஓவியமும் இங்கே இருக்கிறது.

ஒரு ஓவியத்துக்கே 61.8 கோடி என்றால், இவ்வளவையும் இன்றைக்கு அரசு காசு கொடுத்து வாங்க நினைத்தால் நடக்குமா? நடக்காது. அன்றைக்குச் சந்தை கண்டுகொள்ளாத நேரத்தில் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது.

குடும்பத்தில் ஒரு தமிழர்

அம்ரிதாவின் தங்கை இந்திரா ஞாபகம் இருக்கிறதா? 'இளம் பெண்கள்' ஓவியத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் திருமணம் செய்துகொண்டது கே.வி.கே. சுந்தரம் என்ற தமிழரை. ஐ.சி.எஸ் அதிகாரியான இவர், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். இவர்களின் மகன்தான் புகழ்பெற்ற ஓவியரும் சிற்பக் கலைஞருமான விவான் சுந்தரம்.

பெரியம்மா இறந்து ஒன்றரை வருஷம் கழித்துப் பிறந்தவர் விவான். ஆனாலும் அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து இரண்டு பெரிய பாகங்களாக 2010-ல் கொண்டுவந்தார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய புகைப்படங்களையும் பெரியம்மாவின் ஓவியங்களையும் கம்ப்யூட்டரில் இணைத்துப் புதிய படைப்புகளை உருவாக்கினார். நேருவின் கடிதங்கள் எரிந்துபோன குடும்பத்தில், மிச்சம் இருந்த ஒவ்வொரு தாளையும் காப்பாற்றியவர் அவர். 2023 மார்ச்சில் விவான் மறைந்தார். அந்த வருஷ செப்டம்பரில்தான் 61.8 கோடி ஏலம்.

அப்போ நம்ம வேலை என்ன?

ஓவியங்கள் அரசிடம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. எந்தப் பெரிய அருங்காட்சியகமும் தன்னிடம் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் ஒரு நேரத்தில் சுவரில் மாட்டும். மீதி சேமிப்பு அறையில் இருக்கும். எதை வெளியே எடுப்பது, எப்படிப் பராமரிப்பது, எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்பதற்கெல்லாம் பணமும் ஆட்களும் வேண்டும். பார்க்க ஆளே வராத இடத்துக்கு அதையெல்லாம் ஒதுக்குங்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் கேட்க வேண்டியது நாம்தான். டெல்லி தூரம் என்றால், இதே தேசிய நவீனக் கலைக்கூடத்தின் கிளை பெங்களூருவில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்குகிறது. மும்பையிலும் ஒரு கிளை உண்டு. அங்கெல்லாம் போனால், அம்ரிதாவின் ஓவியங்கள் இங்கே எப்போது வரும் என்று கேட்டுப் பாருங்கள். போகவே முடியாதவர்கள் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்தில் கலைக்கூடத்தின் சேகரிப்பைப் போனிலேயே பார்க்கலாம். ஆனால் 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தின் அந்த ஐந்து வெள்ளைகளும் ஆறு அங்குலத் திரையில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

அடுத்த முறை டெல்லி போனால் இந்தியா கேட்டில் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு நடந்து போங்கள். திங்கள்கிழமை மட்டும் விடுமுறை. டிக்கெட் விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. உள்ளே மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நவாப் வீட்டிலோ, லாக்கரிலோ இருந்திருந்தால் அவர்களை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.